ஃப்ரேம் காதில் ஒரு கிராக்

கணபதி, கோயம்புத்தூர்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பட்டறையில் ஒரு வேலை என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. அதை ஒரு கரை சேர்க்காமல் உனக்கு எழுத மனம் வரவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார். உன்னைத்தான் அடிக்கடி விசாரிக்கிறார்.

"பைக்கின் அலுமினிய ஃப்ரேமை வெல்டு செய்தால் நிற்குமா, ஊரில் இதையெல்லாம் நம்பிச் செய்கிறார்களா?" என்று கேட்டிருந்தாய். சிங்கப்பூர் ஷிப்யார்டில் நாள் முழுக்க அலுமினியத்தில் டிக் வெல்டிங் ஓட்டுகிறவன் கேட்கிற கேள்வி. 2004-ல் நாம் இருவரும் சேர்ந்து ஒட்டிய, பின் சக்கரத்தைத் தாங்கும் அந்த சுவிங் ஆர்ம்தான் உன்னை இப்படிக் கேட்க வைக்கிறது என்று எனக்குத் தெரியும். நானும் அதை மறக்கவில்லை.

மூன்றே மாதத்தில் திரும்பி வந்ததே, நினைவிருக்கிறதா? நம் வெல்டில் ஒரு கீறல் இல்லை. அதிலிருந்து அரை விரல் தள்ளி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல உடைந்திருந்தது. ஓட்டினவர் முழங்கை சிராய்ப்போடு தப்பினார். நீ அன்று இரவு சாப்பிடவில்லை. நம் கை சுத்தம்தான், உலோகம்தான் நமக்குத் தெரியவில்லை. அது 6061 ரக அலுமினியம், டி6 என்கிற பதம். 530 டிகிரிக்குச் சூடாக்கி, தண்ணீரில் அமுக்கி, அப்புறம் 160, 170 டிகிரியில் பல மணி நேரம் அடுப்பில் வைத்து ஏற்றிய பலம் அது. நாம் ஆர்க் வைத்த நிமிடத்தில், பக்கத்தில் சூடு பட்ட இடமெல்லாம் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிட்டது. நீ இப்போது ஓட்டுகிற 5083 ரக அலுமினியத்துக்கு இந்த அடுப்புப் பதமே கிடையாது. அதனால்தான் படகு வேலையில் உனக்கு இந்தத் தலைவலி இந்த அளவுக்கு இல்லை.

சரி, இந்தப் பைக்குக்கு வருகிறேன். 600 சிசி ஜப்பான் பைக், செகண்ட் ஹேண்ட். வாங்கிய பையனுக்கு இருபத்து நாலு வயதிருக்கும். செட்டிபாளையம் ட்ராக்கில் ஓட்ட வேண்டும் என்று ஆசை. வலது பக்கம் என்ஜினைப் பிடித்திருக்கிற மேல் காதில் கறுப்பு பெயின்ட் லேசாக உப்பியிருந்தது. சுரண்டினேன். உள்ளே பட்டி. பட்டியை எடுத்தால் காதின் அடியிலிருந்து மெயின் பீமை நோக்கி ஓடும் கிராக். யாரோ மறைத்து விற்றிருக்கிறார்கள். சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் தெளித்து, கிராக்கைக் காட்டும் டிபி டெஸ்ட் பார்த்தேன். கண்ணுக்கு 25 மி.மீ. தெரிந்தது, சாயம் 40 மி.மீ. காட்டியது. வெள்ளையில் அந்தச் சிவப்புக் கோடு ஊறி வரும்போது பையன் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆனால் ஏன் கிராக் விட்டது என்று தெரியாமல் டார்ச்சைக் கையில் எடுக்கக் கூடாது என்பது என் கட்டளை. போல்ட்டைக் கழற்றும்போது விடை கிடைத்தது. அந்தக் காதுக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைக்க, மரையோடு திருகி வரும் ஒரு காலர் இருக்கும். அதைத் திருப்பத் தனி டூல் வேண்டும். முன்பு என்ஜின் இறக்கின யாரோ காலரைத் தொடாமல் போல்ட்டை மட்டும் முறுக்கியிருக்கிறார். காது உள்பக்கம் இழுபட்டு, எப்போதும் விறைப்பிலேயே நின்றிருக்கிறது. அதன் மேல் என்ஜின் அதிர்வு. அலுமினியம் எத்தனை முறை ஆட்டினாலும் தாங்கும் என்கிற எல்லைக்கோடே இல்லாத உலோகம், இரும்பு போல இல்லை. ஒருநாள் விட்டுவிட்டது.

அடுத்து, இது என்ன அலுமினியம்? காதின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து, தெரிந்த ஃபவுண்டரி லேபில் கொடுத்தேன். துத்தநாகம் நாலரை சதவீதம், மெக்னீசியம் ஒன்றுக்கு மேல், செம்பு பெயருக்குத்தான். செம்பு சேர்ந்திருந்தால் 7075 மாதிரி, ஆறும்போதே வெல்டு வெடித்துவிடும், தொட்டிருக்கவே மாட்டேன். இது 7020 ரக அலுமினிய ஜாதி. இதில்தான் நமக்கு ஒரு வரம். வெல்டு செய்த பிறகு அடுப்பு இல்லாமலே, சும்மா வைத்திருந்தால் சில வாரங்களில் இழந்த பலத்தில் பெரும்பகுதியைத் தானே மீட்டுக்கொள்ளும். காய்ச்சல் வந்தவனுக்கு ஓய்வு கொடுப்பது போல. இது தெரிந்த பிறகுதான் பையனிடம் சரி என்றேன்.

என்ஜின், பேட்டரி, ஈசியு, ஒயரிங் எல்லாம் இறக்கினேன். கிராக் மேலே ஓடாமலிருக்க அதன் நுனியில் 3 மி.மீ. துளை போட்டேன். அரைக்கும் சக்கரத்தை அலுமினியத்தில் வைக்க மாட்டேன், அதன் தூள் உள்ளே புதையும். கார்பைடு பர் வைத்துக் கிராக்கின் வேர் வரைக்கும் வி வடிவப் பள்ளம் எடுத்தேன். அசிட்டோன், பிறகு இந்த வேலைக்கென்றே வைத்திருக்கும் ஸ்டெயின்லெஸ் பிரஷ். போல்ட் துளைகள் நகராமலிருக்க, காலியான பழைய கிராங்க்கேஸ், அதாவது என்ஜின் கூடு ஒன்றைத் தேடிப்பிடித்து, காலரைச் சரியாக வைத்து ஃப்ரேமில் மாட்டினேன். அந்தக் கேஸுக்கு மட்டும் நாலு நாள் அலைந்தேன். மிதமாகச் சூடு காட்டினேன், 100 டிகிரியைத் தாண்டவிடவில்லை. பளபளப்பான அலுமினியத்தில் லேசர் வெப்பமானி பொய் சொல்லும், அதனால் குறித்த சூட்டில் உருகும் சாக்பீஸ்தான் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த நிமிடம். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எழுத ஆசையாக இருக்கிறது. இரும்பு சிவந்து எச்சரிக்கும், அலுமினியம் 660 டிகிரியில் உருகும் வரை வாயே திறக்காது. மேலே படிந்த ஆக்சைடு தோல் 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் அடியில் உலோகம் தண்ணீராகியும் மேலே சாம்பல் போர்வை அசையாமல் கிடக்கும். ஏசி ஆர்க் அந்தப் போர்வையை உரித்து, ஓரமெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்தது போல வந்தது. திடீரென்று நடுவில் பாதரசம் போல ஒரு கண் திறந்தது. அப்போதுதான் 5356 என்கிற நிரப்பு ராடை நீட்டினேன். மழைக்காலம், ஈரம் பட்ட ராடால் வெல்டில் புரை விழும் என்று காலையிலிருந்தே மூடி வைத்திருந்தேன். நாலு சின்னப் பாஸ், ஒவ்வொன்றும் ஆறின பிறகே அடுத்தது. கிராங்க்கேஸைக் கழற்றி அளந்தபோது அரை மி.மீ.க்கும் குறைவாகத்தான் நகர்ந்திருந்தது. மறுபடி சாயம் அடித்தேன், சுத்தம்.

எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்கிறேன் என்று நினைக்காதே. போன மாதம் ஹேண்டில் கழுத்தில் கிராக் விட்ட இன்னொரு ஃப்ரேம் வந்தது. முன் பிரேக்கின் அடி முழுவதும் வாங்குகிற இடம். வேறு ஃப்ரேம் தேடுங்கள் என்று திருப்பி அனுப்பினேன். தொழில் தெரியவில்லை என்று அவர் திட்டிவிட்டுப் போனார். எனக்கு வருத்தமில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். ரோட்டில் ஓடும் பைக்குக்கு அலுமினிய ஃப்ரேமை முதலில் பெரிய அளவில் போட்டது 1983-ன் சுசுகி ஆர்ஜி250 காமா. யமஹா டெல்டாபாக்ஸ் என்ற தன் அலுமினிய ஃப்ரேமை 1985-ல் டிஇசட்ஆர்250-க்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயரை வைத்து, நம் ஊர் யமஹா ஆர்15-ஐயும் அலுமினியம் என்று நினைத்துப் பையன்கள் வருகிறார்கள். காந்தத்தை வைத்துக் காட்டுகிறேன், டப்பென்று ஒட்டும். இரும்புதான் அது.

ஃப்ரேம் இப்போது பட்டறை மூலையில் தொங்குகிறது. சுவரில் தேதியை எழுதி வைத்திருக்கிறேன். ஒரு மாதம் தொடக் கூடாது என்று பையனிடம் சொல்லிவிட்டேன். தினமும் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போகிறான். அடுத்த மாதம் 14-ஆம் தேதி மறுபடி டிபி டெஸ்ட் பார்த்துவிட்டுத்தான் என்ஜின் ஏற்றுவேன். அந்த வாரம் நீ லீவில் ஊரில் இருப்பாய் அல்லவா? காலையிலேயே வந்துவிடு. நான் பார்ப்பதற்கு முன்னால் அந்த வெல்டின் பக்கத்து அரை விரலை நீ பார்க்க வேண்டும்.

அன்புடன்,
தங்கராசு