ஸ்ட்ரைக்கரை ஓரத்துக்குத் தள்ளாதீர்கள்: கால்பந்துக் கூட்டமைப்புக்கும் கிளப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தொழில்நுட்பக் குழுவுக்கும், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கிளப்புகள், அதற்கு அடுத்த நிலையிலுள்ள ஐ-லீக் கிளப்புகள் ஆகியவற்றின் தலைமைப் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

2024 ஜூனில் குவைத்துடன் ஆடிவிட்டு ஓய்வை அறிவித்த சுனில் சேத்ரி, 2025 மார்ச்சில் மறுபடி இந்திய ஜெர்சி போட வேண்டியதாயிற்று. ஷில்லாங்கில் மாலத்தீவுகளுக்கு எதிராகக் கோலும் அடித்தார். அப்போது அவருக்கு வயது 40. அந்த ஐ.எஸ்.எல். பருவத்தில் இந்தியர்களில் அதிகக் கோல் அடித்தவரும் அவர்தான், 14 கோல்கள். 2014 முதல் 2024-25 வரை நடந்த 11 பருவங்களில் அதிகக் கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் விருது ஒருமுறைகூட இந்தியர் கைக்கு வரவில்லை. நம் ஊரில் ஸ்ட்ரைக்கரே கிடைப்பதில்லை என்ற புலம்பலைக் கேட்டுச் சலித்துவிட்டது. 16 வயதில் நடுவில் நின்று கோல் அடிக்கும் பையன்கள் மாநிலத்துக்கு மாநிலம் இருக்கிறார்கள். 20 வயதுக்குள் அவர்களை விங்குக்கு, அதாவது மைதான ஓரத்துக்கு, அனுப்பிவிடுகிறோம். 25 வயதில் அவசரத்துக்கு நடுவில் நிறுத்திவிட்டு, பினிஷிங் (வாய்ப்பைக் கோலாக்குவது) தெரியவில்லை என்கிறோம்.

2021-22 பருவத்திலிருந்து களத்தில் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டவர்தான் ஆடலாம். அதற்கு முன் 5, தொடக்க காலத்தில் 6. எண்ணிக்கை குறைந்ததால் திறந்தவை பெரும்பாலும் ஓரத்து இடங்களும் நடுக்கள இடங்களும்தான். நம்பர் 9 எனப்படும் நடு ஸ்ட்ரைக்கர் இடம் அப்படியே வெளிநாட்டவரிடம் இருக்கிறது. நாலு ஆட்டம் தோற்றால் வேலை போய்விடும் என்ற நிலையில் இருக்கும் கோச், இருக்கிற நாலு வெளிநாட்டவரில் ஒருவரை அங்கேதான் நிறுத்துவார். அதைக் குறை சொல்ல முடியாது. பெங்களூரு எஃப்.சி.யில் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் மீக்கு நடுவில் ஆட, சேத்ரியே இடது ஓரத்துக்குப் போய் 2017-18இல் 14 கோல் அடித்தாரே என்று கேட்பீர்கள். அவர் நடுவில் நின்று தொழிலைக் கற்ற பிறகு ஓரத்துக்குப் போனவர். 19 வயதுப் பையனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

ஓரத்துக்குப் போனால் என்ன போகும்? விங்கருக்குப் பந்து பெரும்பாலும் கோலைப் பார்த்தபடி வரும், ஒரு பக்கம் கோடு காவல் நிற்கும். நம்பர் 9க்குப் பந்து முதுகுப்பக்கம் ஆள் அழுத்திக்கொண்டிருக்கும்போது வரும். பந்து வருமுன்பே டிஃபெண்டர்மேல் சாய்ந்து, இடுப்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் நின்று, அவருக்குத் தூரத்தில் உள்ள காலால் பந்தை நிறுத்த வேண்டும். பழக்கம் விட்டவர் நேராக முதுகைக் காட்டி நிற்பார், பந்து வந்த பிறகு தள்ளுவார். நடுவர் ஃபவுல் ஊதுவார். இதை வீடியோ போட்டு விளக்கிக் கற்றுத் தர முடியாது. வாரத்துக்கு வாரம் ஆட்டத்தில் அடி வாங்கித்தான் வரும்.

அடுத்தது பாக்ஸுக்குள், அதாவது கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதிக்குள், ஓடும் ஓட்டம். ஓரத்திலிருந்து உள்ளே அடிக்கும் கிராஸ் வரும்போது நம் இளம் ஸ்ட்ரைக்கர்கள் செய்யும் ஒரே பெரிய தவறு, சீக்கிரம் போய்விடுவது. பந்து வருவதற்குள் கோல் வாயில் போய் நின்றுவிடுவதால் எகிறவும் வேகமில்லை, விலகவும் இடமில்லை. நிற்க வேண்டிய இடம் சென்டர்-பேக்கின் (நடு டிஃபெண்டரின்) தூரத்துத் தோளுக்குப் பின்னால். பந்தையும் ஆளையும் ஒரே பார்வையில் அவரால் பிடிக்க முடியாத இடம் அது. கிராஸ் போடுபவர் பந்தைக் காலிலிருந்து சற்றுத் தள்ளிவிட்டுத் தலையைக் குனிகிறாரே, அந்த நொடியில்தான் கிளம்ப வேண்டும்: தூரத்துப் போஸ்ட் பக்கம் இரண்டு அடி போக்குக் காட்டி, டிஃபெண்டரின் முன்னால் வெட்டி நியர் போஸ்ட்டுக்கு (பந்து வரும் பக்கத்துக் கோல்கம்பத்துக்கு). கோல்கோடு வரை போய்ப் பின்னுக்குத் தள்ளும் கட்பேக் என்றால் இதற்கு நேர்மாறு. எல்லா டிஃபெண்டர்களும் 5.5 மீட்டர் கோட்டுக்கு ஓடுவார்கள். ஸ்ட்ரைக்கர் 11 மீட்டரில், பெனால்டி புள்ளியருகே பிரேக் போட வேண்டும். பந்து அங்கே வரும், பக்கத்தில் ஆள் இருக்காது. நின்றால் சோம்பல் என்று டச்லைனிலிருந்து கத்தும் பயிற்சியாளர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்கவும்.

இனி பினிஷிங் பயிற்சி. பல அகாடமிகளில் நடப்பது இது: பயிற்சி முடியும் கடைசி 15 நிமிடம், 18 கெஜத்தில் ஒரு வரிசை, கோச்சிடம் பந்தைக் கொடுத்து வாங்கி ஓர் அடி. டிஃபெண்டர் கிடையாது. 12 பேர் வரிசையில் நின்றால் ஆளுக்கு ஏழெட்டு ஷாட்கூடத் தேறாது. கால் சோர்ந்திருக்கும், ஆட்டத்தில் அரிதாக வரும் தூரத்திலிருந்து அடித்துப் பழகுவார்கள். ஸ்ட்ரைக்கர் அடிக்கும் கோல்களில் பெரும்பகுதி பாக்ஸுக்குள், ஒரே தொடுதலில் வருபவை. ஆகவே வாரம் இரண்டு நாள், வார்ம்-அப் முடிந்ததும், கால் புதிதாக இருக்கும்போதே 20 நிமிடம் ஒதுக்குங்கள். மூன்று, நான்கு ஸ்ட்ரைக்கர்கள், இரு ஓரத்திலும் பந்து கொடுக்க ஒவ்வொருவர், நிஜமான கோல்கீப்பர், ஒரு மீட்டர் பின்னாலிருந்து துரத்தும் டிஃபெண்டர். ஆறு ஷாட் ஒரு செட், 90 விநாடி ஓய்வு, ஆளுக்கு ஐந்து செட். கட்பேக், நியர் போஸ்ட், கீப்பர் தட்டிவிட்ட பந்து என்று மாற்றி மாற்றி வரட்டும். மேட்சுக்கு முந்தைய நாள் பத்துப் பன்னிரண்டு ஷாட்டோடு நிறுத்திவிட வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே நம் மூடிய கையை வைத்து அழுத்தச் சொல்லும்போது தொடையிடுக்கில் வலி எடுத்தால் அந்த வாரம் ஷாட் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். ஊசி போட்டு ஆடவைத்தால் அது மாதக்கணக்கில் இழுக்கும்.

காயத்தைப் பற்றி இன்னொன்று. கடைசி 10 நிமிடம் மட்டும் இறங்கும் மாற்று ஸ்ட்ரைக்கருக்கு வாரம் முழுக்க உச்ச வேகத்தில் ஓடும் வாய்ப்பே வருவதில்லை. முதல் ஸ்ட்ரைக்கருக்கு அடிபட்டு, திடீரென்று 90 நிமிடம் ஆடவைத்தால் 60ஆவது நிமிடத்தில் ஹாம்ஸ்ட்ரிங்கை (தொடையின் பின்தசையை) பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். உடனே ஃபிட்னஸ் இல்லாதவர் என்று முத்திரை விழும். மேட்ச் முடிந்த கையோடு மாற்று ஆட்டக்காரர்களை அதே மைதானத்தில் 30 மீட்டர் ஓட்டம் நாலைந்து, முழு வேகத்தை ஒட்டி, ஓடவிட்டாலே இதில் பாதி தீரும். கூடவே நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங் பயிற்சி: முழந்தாளிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, மெதுவாக முன்னே சாய்வது. அதை ஒழுங்காகச் செய்யும் அணிகளில் இந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவு ஒரு பைசா கிடையாது.

இப்போது கணக்குக்கு வருவோம். 2024-25இல் லீக் கட்டத்தில் ஓர் அணிக்கு 24 ஆட்டங்கள். ஒருவர் எல்லா ஆட்டத்திலும் 80ஆவது நிமிடத்தில் இறங்கினாலும் மொத்தம் 240 நிமிடம், மூன்று முழு ஆட்டம்கூட இல்லை. 90 நிமிடத்துக்கு 0.4 கோல் போடும் நல்ல ஸ்ட்ரைக்கராக இருந்தாலும் அதில் ஒரு கோல்தான் எதிர்பார்க்கலாம். ஒரு பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பினால் பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியத்தை வைத்துத்தான் அடுத்த ஒப்பந்தம் முடிவாகிறது.

நம்பர் 9 இடத்தில் ஓர் இந்தியர் கட்டாயம் என்று விதி போடுங்கள் எனச் சிலர் கேட்கிறார்கள். எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. டீம் ஷீட்டில் ஸ்ட்ரைக்கர் என்று எழுதி விங்கில் ஆடவைப்பது எந்தக் கோச்சுக்கும் பெரிய வித்தை அல்ல. நாங்கள் கேட்பது நிமிடங்கள். 21 வயதுக்குள் ஒரு பருவத்துக்கு 1,500 நிமிடம், நடுவில். 20 ஆட்டம், ஆட்டத்துக்கு 75 நிமிடம். இதற்கு 2022இல் இளையோருக்காகத் தொடங்கிய டெவலப்மென்ட் லீக் இருக்கிறது, மாநில லீக்குகள் இருக்கின்றன, ஐ-லீக் இருக்கிறது. சில வாரங்களில் அடுக்கி முடிக்காமல் பெரிய லீக்கோடு சேர்த்துப் பருவம் முழுக்க இழுத்தால் போதும். ஐ.எஸ்.எல். பெஞ்சில் உட்காரும் 20 வயது ஸ்ட்ரைக்கரை ஜனவரியில் ஐ-லீக் கிளப்புக்கு லோனில் (தற்காலிகமாக ஆட) அனுப்புங்கள். லோன் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: முதல் பதினொருவரில் இத்தனை ஆட்டம், இன்ன இடத்தில். அது நடக்காவிட்டால் திரும்ப அழைத்துக்கொள்ளும் உரிமை. ஆடும் இடத்தை எழுதாத லோன் ஒப்பந்தங்களில்தான் பையன் மறுபடி விங்கில் முடிகிறான்.

கோல் போனஸையும் கொஞ்சம் பாருங்கள். ஒரு கோலுக்கு இவ்வளவு என்று மட்டும் இருந்தால், பெனால்டியை யார் அடிப்பது என்று களத்திலேயே சண்டை வரும். பெனால்டி அல்லாத கோல், அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்), ஆடிய நிமிடம் மூன்றுக்கும் பிரித்து எழுதினால் போதும்.

கூட்டமைப்பிடம் கேட்பது ஒன்றே. 15 முதல் 21 வயது வரை தேசியப் போட்டிகளில் ஆடும் ஒவ்வொரு முன்கள ஆட்டக்காரருக்கும் எந்த இடத்தில் எத்தனை நிமிடம் ஆடினார் என்ற பதிவு வேண்டும். மேட்ச் கமிஷனர் படிவத்தில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்தால் இது முடியும். கிளப்புகள் ஆட்டக்காரர்களைப் பதிவுசெய்யும் காலம் ஒவ்வொன்றும் தொடங்குமுன் அந்தப் பட்டியலைக் கிளப்புகளுக்கு அனுப்புங்கள். முந்தைய பருவத்தில் நடுவில் 900 நிமிடத்துக்குமேல் ஆடிய பையன் அடுத்த பருவம் 200க்கு இறங்கியிருந்தால், ஏன் என்று அந்தக் கிளப்பிடம் எழுத்தில் கேளுங்கள்.

இப்படிக்கு,
முன்கள ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி தருபவர்கள்