அழிப்பதற்கு ஒரு தேதி

யாழ்ப்பாணம்

அன்பின் வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு வேலை நிரந்தரமானது பெரிய ஆறுதல். அம்மாவுக்கு முழங்கால் உளைவு இன்னும் குறையவில்லை, மற்றபடி நாங்கள் சுகம்.

நீ எழுதியதில் ஒரு விஷயம் என்னை விடவில்லை. 2020 ஏப்ரலில் நோர்வேயில் நீங்கள் போனில் இறக்கிய, கொரோனாத் தொற்றாளரோடு பழகியவர்களைத் தேடும் 'ஸ்மித்தஸ்டொப்' செயலியை ஜூனிலேயே நிறுத்தி, சேர்த்த தரவையும் அழித்துவிட்டார்கள் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தாய். அது சின்னக் காரியமில்லையடி. தொற்றுக் குறைந்திருக்கிற நேரத்தில் சனம் போகிற வருகிற இடமெல்லாம் திரட்டுவது தேவைக்கு மிஞ்சியது என்று, நோர்வேயின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அரசின் பொதுச் சுகாதார நிறுவனத்துக்கே எச்சரிக்கை கொடுத்தது. நிறுவனம் பணிந்தது. 'காணும், நிறுத்து' என்று சொல்ல அங்கே ஓர் இடம் இருக்கிறது, சொன்னால் நடக்கிறது. சட்டம் படிப்பிக்கிற எனக்குப் பொறாமையாக இருந்தது.

இங்கே நடந்ததை உனக்கு முழுதாக எழுதியதில்லை. அந்த மார்ச்சில் அரியாலைத் தேவாலய ஆராதனை ஒன்றில் தொற்றுப் பரவிய பிறகு யாழ்ப்பாணமே முடங்கியது. தொற்றுத் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்துக்குத் தலைவர் இராணுவத் தளபதி. தொற்றாளர் யாரோடு பழகினார் என்று தேடும் வேலையில் புலனாய்வுத்துறையும் இறங்கியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கள் பி.எச்.ஐ., வந்து கேட்டால் அம்மா ஒன்றும் மறைக்கமாட்டா. ஒருநாள் சிவில் உடுப்பில் இரண்டு பேர் படலையில் நின்று, வீட்டில் எத்தனை பேர், வெளிநாட்டில் யார் என்று விசாரித்தார்கள். அம்மா உள்ளே போய்ப் பழைய குடும்ப அட்டையை எடுத்து வந்து நீட்டினா. அவர்கள் அட்டை கேட்கவேயில்லை. லண்டனில் இருக்கும் அண்ணாவின் பெயரைச் சொல்லும்போது அவவின் குரல் இறங்கிவிட்டது. நோயைப் பற்றி ஒரு கேள்விகூட அவ கேட்கவில்லை.

கடைகளிலும் ஒரு கொப்பி வைத்திருந்தார்கள், நூலில் கட்டிய பேனையோடு. பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர். பேந்து வாசலில் கியூஆர் ஒட்டினார்கள். அந்தக் கொப்பிகள் எங்கே என்று எங்கள் சந்திக் கடைக்காரரைப் பிறகு கேட்டேன். "வந்து எடுத்துக்கொண்டு போட்டினம்" என்றார். யார் என்று அவரும் கேட்கவில்லை.

தொற்றைத் தேடிப் பிடிக்கவேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் 1980 இல் இலங்கை இணைந்த குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 17ஆம் உறுப்புரை அந்தரங்கத்துக்குக் காவல் சொல்கிறது. அதில் கைவைக்கவேண்டுமென்றால் சட்டம் இருக்கவேண்டும், அவசியம் இருக்கவேண்டும், அளவும் மிஞ்சக்கூடாது. இவற்றோடு முடிவுத் தேதியையும் கேளுங்கள் என்று பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்கிறேன். தேதி போடாத அனுமதி வேறு வேலைக்கும் போகும். சிங்கப்பூரைப் பார். அவர்களின் 'ட்ரேஸ்டுகெதர்' செயலியின் தரவு தொற்றைத் தேட மட்டும்தான் என்று அமைச்சரே சொன்னார். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்குப் பொலிஸாரும் அதை எடுக்கலாம் என்று பாராளுமன்றத்தில் தெரியவந்தது. சனம் கொதித்த பிறகுதான் ஏழு வகைப் பாரதூரமான குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் வந்தது. அவ்வளவு ஒழுங்கான நாட்டிலேயே இப்படி.

எங்கள் அரசியலமைப்பில் அந்தரங்கம் தனி அடிப்படை உரிமையாக எழுதப்படவேயில்லை. 2011 இல் படைத்தரப்பு வீடு வீடாகக் குடும்பப் படம் எடுத்துப் பதிந்தது உனக்கு ஞாபகமிருக்கும். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்.பி.மார் உயர் நீதிமன்றம் போனார்கள், நிறுத்துகிறோம் என்று சட்டமா அதிபர் தரப்பு ஒத்துக்கொண்டது. பதிவதை நிறுத்தினாலும் எடுத்தது எடுத்ததுதான். 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது நான் உண்மையிலேயே சந்தோசப்பட்டேன். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய முக்கிய பகுதிகளை ஒத்திவைத்துவிட்டார்கள். அந்தச் சட்டத்தின்படி தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் பணிப்பாளர் சபையை நியமிப்பவர் சனாதிபதி. அரசைத் தட்டிக்கேட்க அரசே ஆள் போட்டால் உங்கள் ஆணையம் செய்ததை இவர்கள் எப்படிச் செய்வார்கள்?

இதற்கிடையில் முகம், கருவிழி, கைரேகையோடு டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது. வரட்டும், கந்தோர் கந்தோராக அலைச்சல் குறையும். ஆனால் காவல் முதலில் வரவேண்டும், அட்டை பிறகு வரவேண்டும். இங்கே பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இலிருந்து 'தற்காலிகமாக' இருக்கிறது என்பதை மறந்துவிட்டு என்னால் இதை யோசிக்க முடியவில்லை.

உன்னிடம் ஓர் உதவி. ஸ்மித்தஸ்டொப் பற்றி உங்கள் ஆணையம் எழுதிய முடிவை மகனைக்கொண்டு தேடி எடுத்து, முக்கிய பந்திகளைத் தமிழில் எழுதி அனுப்புவாயா? அடுத்த தவணையில் பிள்ளைகளோடு வரிவரியாக வாசிக்க விரும்புகிறேன். அண்ணா வந்தால் உனக்குப் பனங்கட்டி கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
மலர்