மணிமுத்தாறு அணையடியில் குடும்பங்கள் தங்க ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருநெல்வேலி மாவட்டம் கல்லிடைக்குறிச்சியில் வசிக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வயது 67.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போவோம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வாரக்கணக்கில். அப்பா ஆற்றங்கரையில் நாலு கம்பு நட்டு, கீற்று வேய்ந்து குடில் போடுவார். அம்மா மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைப்பாள். பக்கத்துக் குடிலில் இருப்பவர்கள் யார், எந்த ஊர் என்று முதல் நாள் தெரியாது. மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக் குழம்பு எங்கள் சட்டியில் இருக்கும். பட்டவராயன் சன்னதியில் காணிக்கையாகத் தொங்கும் தோல் செருப்புகளைப் பிள்ளைகள் எல்லாரும் எண்ணிப் பார்ப்போம். எண்ணி முடித்ததே கிடையாது.

இப்போது அந்த மாதிரி வாரக்கணக்கில் தங்க முடியாது. 1988-இல் அந்தக் கோயில் இருக்கும் களக்காடு முண்டந்துறைக் காடு புலிகள் காப்பகமானது. அதன் பிறகு கட்டுப்பாடுகள் கூடின. அதில் எனக்குக் குறை இல்லை. ஆயிரக்கணக்கான பேர் காட்டுக்குள் தங்கி, ஆற்றில் துணியையும் பிளாஸ்டிக்கையும் விட்டு வந்தால் காடு தாங்காது. ஆனால் தண்ணீர் ஓரத்தில் குடும்பத்தோடு ஓர் இராத்திரி தங்கும் வழக்கத்துக்கு வேறு இடம் யாரும் ஒதுக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இரண்டு வருஷத்துக்கு முன் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். டெக்சாஸ் மாநிலம், டல்லாஸ் பக்கம். ஒரு சனிக்கிழமை மருமகன் எங்களை லேக் மினரல் வெல்ஸ் என்ற மாநிலப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார். ஏரியை ஒட்டி மரங்களுக்கு நடுவில் எண் போட்ட தங்கும் இடங்கள். ஓர் இடத்துக்கு ஒரு மேசை, பெஞ்சு, தீ மூட்ட இரும்பு வளையம், தண்ணீர்க் குழாய். எட்டுப் பேருக்கு மேல் ஓர் இடத்தில் தங்கக் கூடாது. 12 வயது வரை பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நடக்கும் தூரத்தில் கழிப்பறையும் குளியலறையும். உள்ளே போய்ப் பார்த்தேன், தரை காய்ந்து சுத்தமாக இருந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்று பெண்களுக்குத் தெரியும்.

அப்புறம் அந்தக் குதிரைகள். அங்கே குதிரை வளர்ப்பவர்கள் தங்கள் குதிரைகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, அவற்றுக்கென்று ஒதுக்கிய தனிப் பகுதியில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். நோய் இல்லை என்ற இரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாமல் குதிரையை உள்ளே கொண்டுவர முடியாது. முன்பு ரயில் ஓடி, பிறகு கைவிட்ட ஒரு பாதையை 32 கி.மீ. நீளத்துக்கு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். சைக்கிள்காரர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும், இரண்டு பேரும் குதிரைக்கு வழிவிட வேண்டும் என்பது அங்கே விதி. என் பேரன் குதிரையைக் கண்டதும் ஓடினான். சவாரி செய்த அம்மாள் குதிரையை நிறுத்தி, "ஓடாதே, ஓரமாக நின்று என்னிடம் பேசு. பேச்சுக் குரல் கேட்டால் இதற்குப் பயம் போய்விடும்" என்று சொன்னார். அவன் அந்தக் குதிரையிடம் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். அன்று முழுக்க, "ஆச்சி, உங்க ஊர்ல குதிரை இருக்கா?" என்று கேட்டபடி வந்தான். ஐயனார் கோயில் மண் குதிரைகளைப் பற்றி அவனுக்குச் சொன்னேன்.

இராத்திரி கூட்டாஞ்சோறு செய்யலாம் என்று கத்தரிக்காய், முருங்கைக்காய் எல்லாம் நறுக்கிக் கொண்டு போயிருந்தோம். விறகில் சமைக்க எனக்கு ஆசை. ஆனால் மழை இல்லாமல் புல் காய்ந்து கிடந்ததால் அந்த வாரம் நெருப்பு மூட்டத் தடை. காவலர் வந்து சொன்னார். கேஸ் அடுப்பு பரவாயில்லை, விறகு கூடாது. சுற்றி இருந்த யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தடை இல்லாத நாளிலும் பூங்காவுக்குள் சுள்ளி பொறுக்கக் கூடாதாம். பத்து மணிக்கு மேல் சத்தம் அடங்கிவிட வேண்டும். அடங்கியது. தண்ணீர் கரையில் மோதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோது எனக்கு அப்பா போட்ட குடில்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஊர் திரும்பிய பிறகு ஒரு பொங்கல் கரிநாளன்று நம் பக்கத்து அணை ஒன்றுக்குச் சொந்தக்காரர்கள் 14 பேர் கட்டுச்சோறோடு போனோம். கழிப்பறை பூட்டிக் கிடந்தது. என் அண்ணிக்குச் சர்க்கரை நோய். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே பதினோரு மணிக்குக் கிளம்பிவிட்டோம்.

அதனால்தான் மணிமுத்தாறு அணையடியைச் சொல்கிறேன். காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில் கட்டிய 118 அடி அணை அது. அருவி இருப்பது காப்பகத்துக்குள். அங்கே யாரும் இரவு தங்க வேண்டாம். யானை இறங்கும் மலையடிவாரத்தையும் விட்டுவிடுவோம். அணைக்குக் கீழே, ஊர்ப் பக்கமாக, பெருங்கால் வாய்க்கால் பாயும் திசையில் வனத்துறையும் நீர்வளத்துறையும் சேர்ந்து உட்கார்ந்து ஓர் இடத்தைக் குறிக்கட்டும். முதலில் இருபது இடங்கள் போதும். எண் போட்டு, முன்பதிவு வைத்து, கட்டணம் வாங்கட்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அணையில் தண்ணீரும் காற்றில் குளிர்ச்சியும் இருக்கும் தை, மாசி மாதங்களில் சனி, ஞாயிறு மட்டும் திறந்து பார்க்கலாம். மதுவுக்கும் ஒலிபெருக்கிக்கும் கண்டிப்பாக இடம் இருக்கக் கூடாது. கொண்டுபோகும் குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். உள்ளே போகும்போது முன்பணம் வாங்கி, குப்பைப் பையைக் காட்டினால் திருப்பித் தரலாம்.

குதிரைப் பாதை நமக்கு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சவாரிக் குதிரையை வெயிலில் நாள் முழுக்க நிறுத்தி வைத்துப் பிழைக்கும் கொடுமை இங்கே வேண்டவே வேண்டாம். ஆனால் பெருங்கால் கரையில் சிங்கம்பட்டி, வைராவிகுளம் பக்கமாகப் பிள்ளைகள் சைக்கிளில் போக ஒரு மண் பாதை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல், எதிரே மலை. தார் போட வேண்டாம். கருவேல முள்ளை வெட்டி, கரையை மேடு பள்ளம் இல்லாமல் வைத்திருந்தால் போதும்.

காவலுக்கும் துப்புரவுக்கும் அந்தந்த ஊர்ப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்கு வேலை கொடுக்கலாம். இரவுச் சோறு அவர்களே சமைத்துக் கொடுத்தால் விறகு அடுப்பு ஒரே இடத்தில் இருக்கும். காய்ந்த மாதத்தில் தீப் பயமும் குறையும்.

பேரன் வருகிற தை மாதம் ஊருக்கு வருகிறான். கூடாரம் கொண்டு வரவா என்று போனில் கேட்கிறான். அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மாவட்ட ஆட்சியர் அவர்கள் இதைப் படித்து, முதலில் அந்த இடத்தை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
கல்லிடைக்குறிச்சி