நோட்டைத் திறந்து பாருங்கள்: நல்லாசிரியர் விருதுத் தேர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டத் தேர்வுக் குழுக்களில் அமரும் முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும், பெயர்களைப் பரிந்துரைக்கும் மாவட்ட, வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஆசிரியர்களுக்குத் தமிழக அரசு தரும் விருது இது; அரசாணையில் அதன் பெயர் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது. ஊரில் அதை நல்லாசிரியர் விருது என்றுதான் சொல்கிறார்கள். 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், பாராட்டுச் சான்றிதழ். மாநிலம் முழுவதற்கும் ஆண்டுக்கு 380 பேரை ஒட்டி வழங்கப்படுகிறது. 38 மாவட்டங்களுக்குப் பகிர்ந்தால் மாவட்டத்துக்குச் சுமார் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றித்தான் இந்த மடல்.

உங்கள் மேசைக்கு வருவது கோப்பு. ஸ்பைரல் பைண்டிங், கெட்டி அட்டை, உள்ளே மரம் நட்ட புகைப்படம், பேரணிப் புகைப்படம், செய்தித்தாள் துணுக்குகள், அரிமா சங்கமும் அறக்கட்டளைகளும் கொடுத்த சான்றிதழ்கள், பத்தாண்டுத் தேர்ச்சி விழுக்காடு. இப்போது எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் தளம் வழியாகப் பதிவேற்றம் வந்துவிட்டது, கோப்பு பி.டி.எஃப். ஆனதே தவிர உள்ளடக்கம் மாறவில்லை. மரம் நடுவதைப் படம் எடுத்துவிடலாம். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது புரிந்த நொடியை யார் படம் எடுப்பார்கள்? அந்த நேரத்தில் ஆசிரியரின் கையில் சாக்பீஸ் இருக்கும், கைப்பேசி இருக்காது.

இதில் முதல் இழப்பு சின்னப் பள்ளிகளுக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர்; எமிஸ் பதிவு, காலை உணவுக் கணக்கு, சத்துணவுப் பதிவேடு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எல்லாம் அவர் தலையில். சுற்றறிக்கை வந்து கடைசித் தேதிக்குள் சான்றுகளைத் திரட்டி, கையொப்பம் வாங்கி, அலுவலகத்துக்கு நடையாக நடக்க அவருக்கு முடியாது. அவர் ஒரு நாள் போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். ஆகவே அவர் விண்ணப்பிக்க மாட்டார். “விருப்பமுள்ளவர்கள் யாருமில்லை” என்று வட்டாரத்திலிருந்து அறிக்கை போகும்.

தேசிய விருதில் 2018 முதல் ஆசிரியர்கள் தாங்களே இணையத்தில் விண்ணப்பிக்க வழி செய்தார்கள். சிபாரிசு குறையும் என்பது அதன் நியாயம். நியாயம் சரிதான், ஆனால் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளக் கூசுகிறவர்கள் அங்கும் வெளியேதான் நிற்கிறார்கள். நம் ஊரில் அப்படிக் கூசுகிறவர்கள் ஏராளம். எனவே ஒவ்வொரு வட்டாரத்திலும் விண்ணப்பிக்காத இரண்டு பேரையாவது பட்டியலில் சேர்க்கும் பொறுப்பை வட்டாரக் கல்வி அலுவலரிடமே கொடுங்கள். பள்ளிப் பார்வைக்கு மாதாமாதம் போகிறவர் அவர். எந்த வகுப்பில் பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

அடுத்து, பள்ளிக்கு நேரில் போங்கள். பத்து விருதுக்கு முப்பது பெயர் என்று வைத்துக்கொண்டால், இருவர் கொண்ட மூன்று அணிகள், நாளைக்கு இரண்டு பள்ளி என்று போனால் ஐந்து நாளில் முடியும். முன்தகவல் வேண்டாம். சொல்லிவிட்டுப் போனால் வரவேற்புப் பாட்டு, பொன்னாடை, வடை, தேநீர் என்று முக்கால் மணி நேரம் அதிலேயே போய்விடும். மிச்ச நேரத்தில் நன்றாகப் படிக்கும் நான்கு பிள்ளைகள் உங்கள் முன் நிறுத்தப்படுவார்கள்.

தொடக்க வகுப்பில் ஒன்றரை மணி நேரம் போதும். வருகைப் பதிவேட்டை வாங்கி, பிள்ளைகளை நீங்களே தேர்ந்தெடுங்கள்: 3, 8, 13, 18 என்று ஐந்தைந்து எண் தள்ளி. வராத பிள்ளையின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், அது ஏன் வரவில்லை என்று ஆசிரியருக்குத் தெரிகிறதா என்று பிறகு கேட்கலாம். பாடப்புத்தகத்தில் நடத்தி முடித்த பாடத்தை வாசிக்கச் சொல்லாதீர்கள். கேட்டுக் கேட்டு மனப்பாடமான பிள்ளை, விரல் ஒரு வரியிலும் வாய் அடுத்த வரியிலுமாக ஒப்பித்துவிடும். ஒரு வகுப்பு கீழான அளவில் எழுதிய, இதுவரை பார்க்காத எட்டு வரியைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோங்கள். படம் இருக்கக் கூடாது. நடுவரியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

அந்த எட்டு வரியில் வேண்டுமென்றே சில சொற்களை வையுங்கள். படம், பட்டம், கொடி, கோடி, எடு, ஏடு, பல், பால். புள்ளி வைத்த எழுத்தை விழுங்கும் பிள்ளை ‘பட்டம்’ என்பதைப் ‘படம்’ என்று வாசிக்கும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் பிடிபடாத பிள்ளைக்குக் கொடியும் கோடியும் ஒன்றுதான். மூன்றாம் வகுப்பில் இதில் தடுமாறும் பிள்ளை இருப்பது ஆசிரியரின் குற்றமல்ல. அந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதா என்பதே கேள்வி. “யாருக்கு வாசிப்பு வரவில்லை?” என்று கேட்டுப் பாருங்கள். “எல்லாரும் நல்லா படிப்பாங்க சார்” என்பது ஒரு பதில். “அவன் கால் போட்டா படிச்சிருவான், கொம்பு வந்தா நின்னுருவான், தினம் பத்து நிமிஷம் தனியா உட்கார வைக்கிறேன்” என்பது இன்னொரு பதில். இரண்டாவது பதிலைச் சொன்னவரைப் பற்றி வேறு சான்றிதழ் எதுவும் தேவையில்லை.

கணக்கிலும் இப்படித்தான். கரும்பலகையில் 52 – 27 என்று எழுதுங்கள். விடை 25. வகுப்பில் பாதிப் பேர் 35 என்று எழுதினால், அவர்கள் ஒன்றாம் இடத்தில் 2-இலிருந்து 7-ஐக் கழிக்காமல், பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறார்கள்; இடமதிப்பு மனதில் பதியவில்லை என்று பொருள். 25 என்று எழுதிய பிள்ளையிடம் பத்துக் குச்சிக் கட்டும் உதிரிக் குச்சியும் கொடுத்து அதையே செய்யச் சொல்லுங்கள். கட்டைப் பிரிக்கிற பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கிறது.

தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் அளவுப்படி, கீழிருந்து மேலாக, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். ஜூனில் அரும்பில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் என்ற கணக்கு செயலியில் இருக்கும். அதை அப்படியே நம்ப வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். மலரில் இருப்பதாகப் பதிவான மூன்று பிள்ளைகளிடம் மேலே சொன்ன தாளைக் கொடுத்தால் தெரிந்துவிடும். ஈராசிரியர் பள்ளியென்றால் ஒன்று கூடுதலாகக் கவனியுங்கள்: ஆசிரியர் மூன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் என்ன செய்கின்றன? வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருக்கின்றனவா, கையில் வேலை இருக்கிறதா? ஒரே அறையில் மூன்று வகுப்புக்கும் வேலை கொடுத்து நடத்துவது பெருந்திறமை. யார் பெயரில் விருது கொடுக்கிறோமோ அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். பெரிய அறிஞர்தான், ஆனால் இந்தச் சோதனை அவருக்கு வாய்த்திருக்காது.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் நோட்டைத் திறந்து பாருங்கள். நாற்பது நோட்டிலும் ஒரே விடை, ஒரே வரி என்றால் பலகையைப் பார்த்தோ வழிகாட்டி நூலைப் பார்த்தோ எழுதியது. சிவப்பு மையில் பக்கத்துக்கு ஒரு டிக், கீழே கையொப்பம், தேதி: இது திருத்தம் ஆகாது. ஆசிரியர் பிழையை வட்டமிட்டிருக்கிறாரா, அடுத்த பக்கத்தில் பிள்ளை அதைச் சரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதே நேரம் நியாயமாகவும் இருங்கள். ஐந்து பிரிவுக்குப் போகும் ஆசிரியருக்குப் பிரிவுக்கு 40 வீதம் 200 நோட்டு. ஒன்றுக்கு இரண்டே நிமிடம் என்றாலும் 400 நிமிடம், அதாவது ஆறு மணி நாற்பது நிமிடம். எல்லா நோட்டையும் வாரந்தோறும் திருத்தியிருக்கிறார் என்று யாராவது சொன்னால் அது நடக்கிற காரியமல்ல. கட்டுரை நோட்டையும் தேர்வுத் தாளையும் மட்டும் கேளுங்கள்.

தேர்ச்சி விழுக்காட்டை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதை நிறுத்த வேண்டும். பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு காட்ட எளிய வழி, தேறமாட்டார் என்று தோன்றுகிறவரை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்துவது, அல்லது டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்வது. ஒன்பதாம் வகுப்பில் ஜூனில் 42 பேர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 34 பேர் என்றால், அந்த நூறு 34 பேருக்கு மட்டும்தான். எட்டுப் பேர் எங்கே என்று எமிஸ் பதிவைத் திறந்து கேட்க உங்களுக்கு ஐந்து நிமிடம் ஆகாது. அதே சமயம், காலாண்டில் 12 எடுத்த பிள்ளையைப் பொதுத்தேர்வில் 41-க்குக் கொண்டுவந்த ஆசிரியர் எந்தப் பட்டியலிலும் தெரியமாட்டார். தேர்ச்சி மதிப்பெண்ணான 35-ஐத் தாண்டியவர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவரும் மற்றவரும் ஒன்றுதான். காலாண்டு, அரையாண்டு, பொதுத்தேர்வு மதிப்பெண்ணை அடுத்தடுத்த கட்டத்தில் எழுதி வாங்குங்கள்.

கட்சித் தொடர்பு, வணிக நோக்கில் டியூஷன், அலுவலக மாற்றுப்பணியில் இருப்பவரைப் பரிந்துரைப்பது, இவற்றுக்கெல்லாம் விதி தெளிவாகவே இருக்கிறது. அதைப் பின்பற்றினால் போதும். ஒழுங்கு நடவடிக்கை விதிதான் சிக்கல். குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்கும் 17(அ) குறிப்பாணை ஒன்றைக் கொடுத்துவிட்டு, விளக்கம் பெற்ற பிறகும் இறுதி ஆணை போடாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்திருப்பார்கள். விருதுக்குப் பெயர் வரும்போதுதான் அந்தக் கோப்பு தூசி தட்டப்படும். நிலுவை என்பதால் பெயர் நீக்கம். குற்றம் இருந்தால் தண்டியுங்கள், இல்லாவிட்டால் முடித்துவையுங்கள். அலுவலகத் தாமதத்துக்கு ஆசிரியர் பெயரை அடிக்கக் கூடாது.

விருது பத்துப் பேருக்குத்தான். மற்றவர்களுக்கும் செய்ய முடிகிற, நிதி ஒதுக்கீடு கேட்காத மரியாதைகள் சில உண்டு. பள்ளிப் பார்வையின்போது பார்வைக் குறிப்பில் “வகுப்பு நன்று” என்று எழுதாமல், எந்தப் பாடம், எந்த உத்தி, பிள்ளைகள் எதைச் செய்து காட்டினார்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். பாராட்டுக் கடிதம் கொடுத்தால் பணிப்பதிவேட்டில் பதிவு செய்யுங்கள். சட்டகம் போட்டு வீட்டில் மாட்டுவதற்கு மட்டும் அது வேண்டாம். பத்தாண்டு முடிந்த நாளில் ஊதியத்தை உயர்த்தும் தேர்வு நிலை ஆணையும், இருபதாண்டு முடிந்த நாளில் சிறப்பு நிலை ஆணையும் கைக்கு வந்தால் அதைவிடப் பெரிய கௌரவம் பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இல்லை. தகுதிகாண் பருவம் முடித்த ஆணைக்காக அலுவலக மாடிப்படி ஏறி இறங்கும் ஒருவரிடம் ஆசிரியர் தின வாழ்த்து மடல் எடுபடாது.

2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்கள் இருக்கிறார்கள்: ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல். ஆண்டு விழா மேடை அலங்காரம் முதல் எமிஸ் பதிவு வரை பல பள்ளிகளில் அவர்கள் கை இருக்கிறது. அவர்களுக்குக் காலமுறை ஊதியம் தருவது மாவட்ட அதிகாரத்தில் இல்லை. முதன்மைக் கல்வி அலுவலர் கையொப்பமிட்ட ஒரு பாராட்டுக் கடிதம் தருவது அந்த அதிகாரத்தில் இருக்கிறது.

கடைசியாக, காலம். ஜூலை, ஆகஸ்டில் பள்ளிக்குப் போனால் பிள்ளைகள் அந்த ஆசிரியரிடம் வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. நீங்கள் அளப்பது போன ஆண்டு ஆசிரியரின் வேலையை. பொங்கல் விடுமுறை முடிந்து, செய்முறைத் தேர்வு தொடங்குவதற்கு முன் உள்ள இரண்டு வாரத்தில் போங்கள். பெயர்களை ஏப்ரலுக்குள் முடிவு செய்து, சான்று சேகரிப்பைக் கோடையில் உங்கள் அலுவலகமே செய்துவிட்டால், செப்டம்பர் 5-க்கு முந்தைய வாரங்களில் எந்த ஆசிரியரும் வகுப்பை விட்டுவிட்டு ஜெராக்ஸ் கடையில் நிற்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பணிநிறைவு பெற்ற தலைமையாசிரியர்கள், ஆசிரியர்கள் சிலர்