டிவி அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

எல்லாருக்கும் கும்பிடு. அப்பச்சி தன் பழைய கம்ப்யூட்டர் பிளாப்பியில் எழுதி வைத்த புள்ளிக் கணக்கு, அதாவது நம் குடும்பத்தார் பெயர்ப் பட்டியல், கைக்கு வந்துவிட்டது. அதைப் படிக்கப் பட்ட பாடு உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்லத் தெம்பில்லை.

காரைக்குடியில் பழைய டிவி பழுது பார்க்கும் அண்ணனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அப்பச்சியின் கமடோர் 64 கம்ப்யூட்டரை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை. பக்கத்து வீட்டுக்கு வந்தவர், எங்கள் வீட்டு வளவில் கூட்டமாக நிற்பதைக் கண்டு எட்டிப் பார்த்தார். பிளாப்பியைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு, அலைன்மென்ட் போச்சு, பிளாப்பியில் பூஞ்சை என்று ஆளுக்கொரு வைத்தியம் ஓடிக்கொண்டிருந்தது. பிளாப்பியைப் படிக்க முடியாமல் 1541 டிரைவ் டக டகவென்று முட்டிக்கொண்டு சிவப்பு விளக்கைச் சிமிட்டியது.

அவர் டிரைவைத் தொடவே இல்லை. சட்டைப்பையிலிருந்து சின்ன ரேடியோவை எடுத்து, மீடியம் வேவில் வைத்து, மானிட்டரைச் சுற்றிக் கொண்டுபோனார். டிரைவ் ஒட்டியிருந்த பக்கம் வந்ததும் ரேடியோ காதைப் பிளந்தது. “எல்ஓடி இந்தப் பக்கந்தான் இருக்கு ஆச்சி. டிரைவ் பெட்டியை எட்ட வைங்க” என்றார்.

பிக்சர் டியூபுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மர்தான் எல்ஓடி, மானிட்டருக்குள் இருப்பது. பால் (PAL) என்ற டிவி முறையில் நொடிக்கு 15,625 தடவை துடிக்கும். பிளாப்பியிலிருந்து ஹெட் எடுப்பதோ மில்லிவோல்ட் கணக்கு. அந்த இரைச்சலில் இது எங்கே எடுபடும்? தள்ளி வைத்தாலே இரைச்சல் மளமளவென்று குறைந்துவிடுமாம்.

கேபிள் எட்டியமட்டும் டிரைவை நகர்த்திக் கணக்குப்பிள்ளை மேசையில் வைத்தோம். அவருக்குத் திருப்தியில்லை. பிளாப்பியிலிருந்து ஏற்றும் லோட் கட்டளையைத் தட்டச் சொல்லி, மானிட்டரையே அணைத்துவிட்டார். இருட்டுத் திரை முன்னால் எல்லாரும் டிரைவின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முட்டல் இல்லை. சீராக ஓடி விளக்கு அணைந்தது. பிளாப்பியை வெளியே எடுத்த பிறகுதான் மானிட்டரைப் போடவிட்டார். போட்டதும் திரையின் காந்தத்தைப் போக்கும் டீகாஸ் காயில் என்ற கம்பிச்சுருள் ஒரு உதறு உதறுமாம், காந்தத்தில் எழுதியதற்கு அது ஆகாதாம். லிஸ்ட் என்று அடித்தோம். அய்யா, ஆயா பெயரெல்லாம் டேட்டா வரிகளாக, ஆங்கில எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. எனக்குக் கண் மறைத்துவிட்டது.

பணம் கொடுத்தால் வாங்கவில்லை. “மானிட்டர் மண்டையைப் போட்டா எல்ஓடியை எனக்குக் குடுங்க” என்றார். எழுதி வைத்துவிட்டேன்.

சென்னையிலிருந்து ஹெட் துடைக்க ஆல்கஹால் அனுப்பிய தம்பி, சிங்கப்பூரிலிருந்து டிரைவ் காட்டிய பிழை எண்களுக்குப் பொருள் சொன்ன மச்சான், திரையைப் பார்த்து நோட்டில் எழுதிய பிள்ளைகள், அத்தனை பேருக்கும் பணியாரம் சுட்டுப்போட்ட பெரியாச்சி — எல்லாருக்கும் நன்றி.

ஐப்பசிக்குள் அச்சடித்துப் பங்காளி வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவேன். அப்பச்சி எழுதியது 1991-ஓடு நிற்கிறது. அதற்குப்பின் பிறந்த பிள்ளைகள், கட்டிக்கொண்டு வந்த மருமகள்கள் பெயரை அவரவர் எழுதி அனுப்புங்கள்.