அக்கி ஊசி போட்டாயா?

அன்புள்ள ராமு,

பேத்தி காலேஜ் சேர்ந்த செய்தி பார்த்து சந்தோஷம். முழங்கால் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் வழக்கம்போல எழுதாமல் விட்டுவிட்டாய்.

இங்கே நடேசன் பூங்காவில் காலை நடைக்கு வரும் நம் ஆட்களிடம் இப்போது அக்கி ஊசிப் பேச்சுதான். அக்கி வராமல் தடுக்க 2023-ல் நம் நாட்டுக்கு வந்ததே, ஷிங்ரிக்ஸ், அதுதான். 50 வயதுக்கு மேல் இரண்டு ஊசி, நடுவில் 2 முதல் 6 மாதம் இடைவெளி. ஒரு ஊசி பத்தாயிரம் ரூபாய் அளவில் என்றதும் பாதிப் பேர் "வந்தா பாத்துக்கலாம்" என்று பேச்சை மாற்றுகிறார்கள். கொரோனாவுக்கு அப்புறம் சிலருக்கு ஊசி என்றாலே சந்தேகம். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர், "எனக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டாச்சு, இனிமே வராது" என்கிறார். சின்னம்மை போட்டவருக்குத்தானே அக்கியே வரும்! அந்தக் கிருமி நரம்பு முடிச்சில் பதுங்கிக் கிடந்து, வயதாகி எதிர்ப்பு சக்தி இறங்கும்போது கிளம்புகிறது. சொன்னால் சிரிக்கிறார்.

எங்கள் அண்ணிக்கு விலாவில் கொப்புளம் கண்டதும் கோசப்பேட்டைக்குத்தான் கூட்டிப்போனார்கள், அக்கி எழுத. அங்கே ஒரு பெரியவர் காவியைக் குழைத்து உடம்பில் சிங்கப் படம் போட்டாராம், நல்ல கைதான், ஆனால் கிருமியை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன், டாக்டரிடம் போவதற்குள் அது தாண்டிவிட்டது. கொப்புளம் காய்ந்து மாசக்கணக்காகிறது, இன்னமும் ரவிக்கை உரசினால் துடிக்கிறார், ஃபேன் காற்று பட்டாலே எரிகிறதாம், பேரன் ஓடி வந்து கட்டிக்கொண்டால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். இதைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் விலை பேசவில்லை.

நான் முதல் ஊசி போட்டுக்கொண்டேன். கை கனத்தது, ராத்திரி லேசாகக் காய்ச்சல், மறுநாள் சரி. ஊசியாலேயே அக்கி வந்துவிடும் என்று ஒரு பயம் சுற்றுகிறது. இதில் உயிருள்ள கிருமி இல்லை, அதன் புரதம் ஒன்றுதான். ஆய்வுகளில் 50 தாண்டியவர்களுக்கு 90 சதவீதத்துக்கு மேல் தடுத்திருக்கிறது.

ஆனால் எல்லோரையும் "தயங்குகிறார்கள்" என்று ஒரே கணக்கில் சேர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் சமைக்கும் அம்மாவும் ஐம்பதைத் தாண்டியவர்தான், "நானும் போட்டுக்கலாமாண்ணே?" என்று கேட்டார். அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. ரெண்டு ஊசிக்கு அவர் எங்கே போவார்? மேனேஜர் தயங்குகிறார், இவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது கேள், தங்கச்சிக்கும் சேர்த்து. என்ன சொன்னார் என்று எழுது, முழங்காலைப் பற்றியும்.

உன்,
சேகர்