அந்தப் படம் பாரி வரைந்தது இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் அமெரிக்கக் காமிக்ஸின் முகமூடி நாயகன் வேதாளன் (ஆங்கிலத்தில் ஃபாண்டம்) பற்றி வந்திருந்த அரைப்பக்கக் கட்டுரையைக் காலையில் ஒரு தடவை படித்தேன், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இன்னொரு தடவை படித்தேன். இத்தனை வருடம் கழித்து நம் தமிழ்ப் பத்திரிகையில் அவனுக்கு அரைப்பக்கம் கிடைத்ததே பெரிய சந்தோஷம். சை பாரி வரைந்த வேதாளன்தான் என்றைக்கும் சிறந்தவன், அதற்கு முன்னால் வந்தவை எல்லாம் ஒத்திகை என்கிற மாதிரி கட்டுரையாளர் முடித்திருந்தார். அது அவர் கட்சி, இருக்கட்டும். ஆனால் கட்டுரைக்கு நடுவில் 'சை பாரியின் கைவண்ணம்' என்று போட்டு ஒரு படம் அச்சிட்டிருக்கிறீர்களே, அது பாரி வரைந்தது இல்லை. வில்சன் மெக்காய் வரைந்தது. எவரை ஒத்திகை என்று ஒதுக்கினாரோ அவர் படத்தையே போட்டு அவரை ஒதுக்கியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, கோபம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பீர்கள். குதிரையின் காலைப் பாருங்கள். மரக்குதிரை மாதிரி விறைப்பாக நிற்கும். வேதாளனின் தொடையில் சதை மடிப்பு இருக்காது, நிழல் இருக்காது, ஒரே கோடு மேலிருந்து கீழே இறங்கும். பின்னால் நிற்கிற இரண்டு பேருக்கும் ஒரே முகம். பாரி அப்படி வரையவே மாட்டார். அவருக்கு உடற்கூறு தெரியும், கார் வரையத் தெரியும், நகரத்துத் தெரு வரையத் தெரியும், வேதாளனின் காதலி டயானாவின் தலைமுடி காற்றில் பறந்தால் அது நிஜமாகவே பறக்கும். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் சிறந்த வேதாளன் யார் என்று கேட்டால், என் ஓட்டு மெக்காய்க்குத்தான்.

இதைச் சொன்னால் காமிக்ஸ் படிக்கிற நண்பர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று தெரியும். அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இடம் இருந்தால் போடுங்கள்.

எங்கள் தெருவில் வாடகைக்குப் புத்தகம் தருகிற கடை ஒன்று இருந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்தால் ஒரு காசு, வீட்டுக்குக் கொண்டுபோனால் அதற்கு மேலே. இந்திரஜால் காமிக்ஸ் அங்கேதான் எனக்கு அறிமுகம். தமிழில் வந்தவை கொஞ்சம், மீதி ஆங்கிலம். ஆங்கிலத்தை என் அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்வான், தெரியாத இடத்தில் சொந்தமாகக் கதை விடுவான். அமெரிக்காவில் படித்தவர்களுக்கு வேதாளன் வரிசையாக வந்தான்: 1936 பிப்ரவரியில் ரே மூர் வரையத் தொடங்கினார், 1942-இல் அவர் போருக்குப் போனதும் உதவியாளராக இருந்த மெக்காய் கைக்கு மெல்ல மெல்ல வந்தது, 1961-இல் மெக்காய் காலமானதும் கொஞ்ச நாளிலேயே பாரி வந்தார், 1994 வரைக்கும் அவரே வரைந்தார். நமக்கு அந்த வரிசை எல்லாம் கிடையாது. இந்திரஜாலில் இந்த இதழில் மெக்காய், அடுத்த இதழில் பாரி, அதற்கடுத்து மறுபடி மெக்காய். போதாததற்கு அட்டையை இங்கேயே கோவிந்த் என்ற ஓவியர் வரைந்தார், அது இரண்டு பேர் சாயலிலும் இருக்காது, அதுதான் மூன்றிலும் அழகு என்பேன். ஆக, ஒரே ஆளுக்கு அட்டையில் ஒரு முகம், உள்ளே ஒரு உடம்பு, அடுத்த வாரம் வேறு உடம்பு.

எட்டு வயதில் எனக்கு ஓவியர் என்று தனியாக ஒருவர் உண்டு என்பதே தெரியாது. அதனால் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். கதைப்படி இப்போது இருக்கிறவன் 21-ஆவது வேதாளன். 1536-இல் கடற்கொள்ளைக்காரர்கள் கப்பலைத் தாக்கி அப்பாவைக் கொன்றபோது கரை ஒதுங்கிய ஒரு பையனைக் குள்ளர்கள் காப்பாற்றுகிறார்கள், அவன் அப்பாவைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்கிறான், அதிலிருந்து மகன், பேரன் என்று அதே முகமூடியை மாட்டிக்கொண்டு வருகிறார்கள், வெளியுலகத்துக்கு மட்டும் சாகாத ஒரே ஆள். சரிதானே? அப்படியென்றால் விறைப்பாக நிற்கிற ஒல்லி வேதாளன் அப்பா, புஜபலத்தோடு இருக்கிறவன் மகன். ஒல்லியானவன் 20, கட்டுமஸ்தானவன் 21. எனக்கு இது கணக்கு மாதிரித் தெளிவாக இருந்தது. அண்ணனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை, யோசித்துவிட்டு, "அப்ப ரெண்டு பேருக்கும் டயானாதான் ஜோடியாடா?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தச் சிக்கலை நான் அப்படியே விட்டுவிட்டேன்.

சின்னப்பிள்ளைத்தனம்தான், ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தக் கதையை எழுதிய லீ ஃபாக் விரும்பியதும் ஏறக்குறைய இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. 1936 முதல் 1999-இல் இறக்கும் வரைக்கும், 63 வருடம் ஒரே மனிதர் கதை எழுதியிருக்கிறார், ஓவியர்கள்தான் மாறினார்கள். வேதாளன் என்பவன் ஒரு தனி ஆள் கிடையாது, ஒரு பதவி. நம் ஊர்க் கோயில்களில் சாமியாடுகிற குடும்பம் இருக்கிறதே, தாத்தாவுக்குப் பின் அப்பா, அப்பாவுக்குப் பின் மகன், கச்சையும் சலங்கையும் மட்டும் அதே, கும்பிட வருகிறவர்கள் ஆளைப் பார்ப்பதில்லை, அது மாதிரி. சூப்பர்மேனுக்கு இரண்டு வருடம் முன்னாலேயே உடம்போடு ஒட்டிய உடை, கண்மணி தெரியாத முகமூடி என்று ஒருவனை ஃபாக் கொண்டுவந்தார். கண்மணி ஏன் தெரியவில்லை? கண் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும்.

இங்கேதான் பாரியோடு எனக்குச் சண்டை. பாரியின் வேதாளன் ரொம்ப அழகன். முகமூடிக்குள்ளே ஒரு சினிமா நடிகர் இருக்கிறார் என்று தெரிகிறது, தாடையைப் பார்த்தாலே. கையை மடக்கினால் தசை புடைக்கிறது. பார்க்கிற நமக்கு 'இவன்' என்று ஆகிவிடுகிறது, இவனை மாதிரி இவன் அப்பனும் இருந்திருப்பான் என்று நம்ப முடியவில்லை. மெக்காய் வரைந்தவனுக்குத் தனி முகமே கிடையாது, முகமூடியும் மோதிரமும் இரண்டு துப்பாக்கியும்தான், மரப்பாச்சி மாதிரி. அவனைக் கழற்றிவிட்டு அவன் தாத்தாவை அதே இடத்தில் நிறுத்தினால் எந்தக் காட்டுவாசிக்கும் வித்தியாசம் தெரியாது. 400 வருடமாக இந்த ஏமாற்று வேலை செல்லுபடியானது என்றால் அந்த உடம்பை வைத்துத்தான் செல்லுபடியாகியிருக்கும். மெக்காய்க்கு உடற்கூறு அவ்வளவாக வரவில்லை என்பதால் நேர்ந்த அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் அதையும் ஒத்துக்கொள்கிறேன். அதிர்ஷ்டமும் கணக்கில் சேர்த்திதான்.

கதைகளும் அப்படியே. பரம்பரை என்கிற விஷயத்தை ஃபாக் ஆசையாகத் தோண்டிய காலம் மெக்காய் காலம். இந்திரஜாலின் முதல் இதழ், 1964 மார்ச், அந்த பெல்ட் கதை. அப்பாவைக் கொன்றவனை மகன் தேடிப் போகிற கதை, அதற்கு மெக்காய்தான் படம். கொன்றவன் பெயர் மூலத்தில் ராமா, நம்மூரில் அந்தப் பெயரை வில்லனுக்கு வைத்தால் என்ன ஆகும் என்று பயந்து ராமலு ஆக்கினார்கள். வேதாளனின் பரம்பரை எதிரிகளான சிங் கடற்கொள்ளையர்கள் சிங்கா ஆனார்கள், நாட்டின் பெயர் டெங்காலி ஆனது. அப்புறம் ஜூலி கதை. 17-ஆவது வேதாளன் அடிபட்டுக் கிடக்கும்போது அவனோடு இரட்டையாகப் பிறந்த தங்கை முகமூடியை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள், பார்க்கிறவர்கள் குழம்புகிறார்கள், எழுதியது 1950-களில். பெண்ணை இப்படிக் காட்டுவது இப்போதைய கண்டுபிடிப்பு என்று பேசுகிறவர்களுக்கு அதைப் படிக்கக் கொடுக்கலாம்.

என் கட்சியின் பலவீனத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது கடிதம் எழுதி மாட்டிவிடும் முன்பு. பழைய கதைகளில் வெள்ளைக்காரன் ஒருவன் காட்டில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருக்கிறான், கறுப்பர்கள் சுற்றி நின்று கைகட்டிக் கேட்கிறார்கள். சின்ன வயதில் இது உறைக்கவில்லை. இப்போது படித்தால் சில பக்கங்களைச் சீக்கிரமாகப் புரட்டிவிடுகிறேன். பாரி வந்த 1960-களில்தான் ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை அடைந்துகொண்டிருந்தன. கதையிலும் அந்த நாடு காலனி என்கிற நிலை மாறி, டாக்டர் லமாண்டா லுவாகா தேர்தலில் நின்று ஜனாதிபதி ஆனார். காட்டுக் காவல்படைக்கு வொருபு என்ற கறுப்பர் கர்னல் ஆனார். டயானா ஐ.நா.வில் வேலை பார்த்தாள், 1977-இல் கல்யாணம், அப்புறம் இரட்டைக் குழந்தைகள் கிட்டும் ஹெலோயிஸும். மனுஷனாக வேதாளன் முன்னேறியது பாரி காலத்தில்தான். இதில் எனக்கு வாதமே இல்லை. உங்கள் கட்டுரையாளர் இதைச் சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவர் தசையைப் பற்றி மட்டும் எழுதினார்.

ரே மூரையும் விட்டுவிட முடியாது. நம் ஊரில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு, நானே நாற்பது வயதுக்கு மேல் ஒரு மறுபதிப்பில்தான் பார்த்தேன். அவர் வரைந்தது முழுக்க இரவு. கறுப்பு மை அப்பிய சுவர், அதில் ஒரு நிழல், அவ்வளவுதான் வேதாளன். வில்லன் பயப்படுவதற்கு முன்னால் நாம் பயப்படுகிறோம். முதல் கதை ஓடிக்கொண்டிருந்தபோது ஜிம்மி வெல்ஸ் என்ற பணக்கார இளைஞன்தான் வேதாளன் என்று காட்டுவதாக ஃபாக் நினைத்திருந்தாராம், பாதியில் மனசை மாற்றிக்கொண்டார். நல்லவேளை. அப்படி நடந்திருந்தால் இந்தப் பரம்பரையே இல்லை, நான் இந்தக் கடிதமும் எழுதியிருக்க மாட்டேன். இரவில் படிக்க மூர்தான் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

சினிமா, கார்ட்டூன் எல்லாம் எனக்குக் கணக்கே இல்லை. 1996-இல் பில்லி ஜேன் நடித்த படத்தில் உடையைப் பளபளவென்று செய்திருந்தார்கள், அது ஒன்றுதான் நினைவிருக்கிறது. எதிர்காலத்து 24-ஆவது வேதாளன், 27-ஆவது வேதாளன் என்று தொலைக்காட்சித் தொடர்களும் வந்தன. பார்த்தவர்கள் சொல்லட்டும்.

உடை நிறத்தில் ஒரு வேடிக்கை. ஃபாக் மனசில் சாம்பல் நிறம்தான் இருந்தது. 1939-இல் ஞாயிற்றுக்கிழமை வண்ணப்பக்கம் தொடங்கியபோது ஊதா ஆகிவிட்டது. ஸ்வீடனில் நீலம், இத்தாலியிலும் பிரேசிலிலும் சிவப்பு. காட்டில் ஒளிந்து திரிகிறவனுக்கு இதில் எந்த நிறம் உதவும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு திருத்தம். கட்டுரையில் 'தமிழில் மாயாவி என்று அழைக்கப்பட்ட' என்று பொத்தாம் பொதுவாக இருக்கிறது. ராணி காமிக்ஸில் அவன் மாயாவி, சரி. ஆனால் முத்து காமிக்ஸ் படித்தவனிடம் மாயாவி என்றால் இரும்புக்கை மாயாவிதான், அவன் இங்கிலாந்துக்காரன், மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரிகிறவன், இவனுக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. முத்துவில் இவன் வேதாளன். பள்ளிக்கூடத்தில் "மாயாவி பெரியவனா, மாயாவி பெரியவனா?" என்றே ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம், இரண்டு பேரும் வேறு வேறு ஆளைச் சொல்கிறோம் என்பது கடைசியில்தான் தெரிந்தது.

போன மாதம் அண்ணன் ஊருக்கு வந்திருந்தான். இந்தக் கடிதத்தை எழுதுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு. பரணில் இருந்த பழைய கட்டு ஒன்றை இறக்கினோம், பாதி செல்லரித்துவிட்டது. அவன் எப்போதும் பாரி கட்சி. இப்போதும் மாறவில்லை. ஆனால் அவன் மகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மெக்காய் படத்தைக் காட்டி, "இவர் வயசானவரா சித்தப்பா?" என்று கேட்டாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த இணைப்பிதழில் அந்தப் படக்குறிப்பைத் திருத்திப் போடுங்கள், மெக்காய் பெயரை ஒரு தடவையாவது அச்சில் பார்க்க ஆசை. கூடவே ஒரு கோரிக்கை. நீங்கள் போட்ட அந்தப் படத்தில் வேதாளனுக்குப் பின்னால் இரண்டு பேர் படகு தள்ளுகிறார்கள். எந்தக் கதை என்று மூன்று நாளாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை, என்னிடம் மீந்திருக்கிற கட்டிலும் இல்லை. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொன்னால் போதும், பதிலைப் பத்திரிகையில் போடாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு தபால் அட்டை போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
திருநெல்வேலி